இல்லாத சபையின் வேட்பாளர்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் இரண்டாம் கேட்டில் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் நிற்பார். பெயர் ஆபிரகாம். ஐம்பதைத் தொட்டவர். அவரை யாரும் செக்யூரிட்டி என்று கூப்பிடுவதில்லை, எம்.எல்.சி. என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி பஸ் உள்ளே நுழையும்போது டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா எம்.எல்.சி., சபை எப்போ கூடுது?" என்பான். பஸ்ஸே சிரிக்கும். ஆபிரகாமும் சிரித்துக்கொண்டே சங்கிலியை இறக்கிவிடுவார். சிரிக்காமல் என்ன செய்வார் பாவம்! கேட்டில் நிற்கிறவனுக்குக் கோபப்படுகிற உரிமையையும் சேர்த்துக் கொடுத்து யாரும் வேலைக்கு எடுப்பதில்லை.

எம்.எல்.சி. என்றால் மேலவை உறுப்பினர். சட்டசபைக்கு மேலே இன்னொரு சபை. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று முன்பு இருந்தது, எண்பத்தாறில் கலைத்துவிட்டார்கள். அப்படியானால் இவர் எந்தச் சபையில் உறுப்பினர் என்று கேட்டால், எதிலும் இல்லை. இல்லாத சபைக்கு வேட்பாளராக நின்றவர். அதுவும் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே நின்றவர். நிற்பதற்காக, இருந்த நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையான சங்கதி. அவர் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு பதினைந்து வருஷமாக இதுதான் குடித்தனம்.

வீடு புதுப்பட்டினத்துக்கு மேற்கே, காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்தவர்கள். தங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஊருக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. நிலம் வைத்திருப்பவர்களுக்கு உரமும் கடனும் கொடுக்கிற இடம். ஆபிரகாமின் அப்பா அதன் படியேறியதெல்லாம் உரமூட்டை தூக்குவதற்கு மட்டும்தான். மகன் செங்கல்பட்டில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, அதே சங்கத்தில் எழுத்தராகப் போய் உட்கார்ந்தான். மின்விசிறிக்குக் கீழே, மரநாற்காலியில். காலனியிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். அன்றைக்கு அப்பா வேலைவெட்டி எதுவும் இல்லாமலே சங்கத்து வாசல் வழியாக இரண்டு முறை போய்விட்டு வந்தாராம், கண்குளிரப் பார்ப்பதற்காக.

அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் வேதாந்தம் சார் பழக்கமானார். திருக்கழுக்குன்றத்துக்காரர். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலம் இருந்ததால் பயிர்க்கடன் விஷயமாகச் சங்கத்துக்கு வந்துபோவார். ஆபிரகாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தித்தாளின் தலையங்கத்தைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மனுஷருக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. அடுத்த முறை வரும்போது பைண்டு செய்த இரண்டு தடித்த தொகுதிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சுதந்திரம் வந்த புதிதில் டெல்லியில் நாடாளுமன்றம் கூடி என்னென்ன பேசினார்கள் என்கிற பதிவுகள்.

"படிச்சுப் பாருங்க ஆபிரகாம். நம்ம வீட்டுக்கு நாமே சட்டம் எழுதிண்ட காலம். ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போட்டிருக்கா" என்றார்.

ஆபிரகாமின் ஆங்கிலம் அப்போது நொண்டி நொண்டித்தான் நடக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ விவாதங்கள் அதில் இருந்தும் இரண்டே இரண்டுதான் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, மந்திரிகளுக்குச் சம்பளம் எவ்வளவு கொடுக்கலாம் என்கிற விவாதம். பஞ்சை நாட்டில் மந்திரிக்கு எதற்கு இத்தனை என்று ஒரு கட்சி. சம்பளம் இல்லையென்றால் சொத்துபத்து உள்ளவன்தான் நாற்காலிக்கு வருவான், கூலிக்காரன் எப்படி வருவான் என்று மறுகட்சி. இந்த மறுகட்சிப் பேச்சைப் படித்தபோது ஆபிரகாமுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னைப்போல ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு, தான் பிறப்பதற்கு முன்பே யாரோ டெல்லியில் எழுந்து நின்று வாதாடியிருக்கிறார்கள்! இரண்டாவது, மேலவைக்கு என்ன அதிகாரம் என்கிற விவாதம். மேலவை பேசலாம், யோசனை சொல்லலாம், பண மசோதாவைப் பதினான்கு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பலாம், ஆனால் தடுக்க முடியாது. அதிகாரமில்லாத சபை எதற்கு, அலங்காரத்துக்கா என்று சிலர் குதித்திருந்தார்கள். ஆபிரகாமுக்கு அது குறையாகவே படவில்லை. பதினான்கு நாள் ஒருவன் பேச்சை நாடே காத்திருந்து கேட்கும் என்றால் அது போதாதா? அவர் அப்பாவின் பேச்சைப் பதினான்கு நிமிஷம் காதுகொடுத்துக் கேட்டவர் யார்?

இரண்டாயிரத்துப் பத்தில் அந்தச் செய்தி வந்தது. தமிழ்நாட்டில் மறுபடி மேலவை வரப்போகிறது. டெல்லியில் சட்டமும் நிறைவேறிவிட்டது. பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப்போட்டு உறுப்பினரை அனுப்பும் தொகுதிகளும் உண்டு. வேதாந்தம் சார் உடனே 'பட்டதாரிகள் பேரவை' என்று ஒன்றைத் தொடங்கினார். முதல் கூட்டத்திலேயே ஆபிரகாமின் தோளில் கைவைத்து, "இவரை மாதிரி ஒருத்தர்தான் அங்க போகணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பொய்யாகச் சொல்லவில்லை, அன்றைக்கு மனதாரத்தான் சொன்னார். ஆபிரகாமுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் அந்தக் கூத்து. சங்கத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே தேர்தலில் நிற்கலாமா என்று ஆபிரகாமுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அரசாங்கத்தில் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவன் சபையில் உட்காரலாமா என்று அந்தப் பழைய தொகுதிகளில் விலாவாரியாகப் பேசியிருந்தார்கள். அது இவருக்கு மனப்பாடம். சங்கத்துச் செயலாளர் ராஜேந்திரன் தலைதலையாய் அடித்துக்கொண்டார்.

"யோவ், தேர்தல் தேதியே வரல. முதல்ல அறிவிக்கட்டும்யா. அப்புறம் பாத்துக்கலாம். இப்ப லீவப் போடு, போதும்."

"இல்ல சார். நாளைக்கு மனு போடற அன்னைக்கு ஒருத்தன் என்னப் பாத்து வெரல நீட்டிடக் கூடாது" என்றார் ஆபிரகாம்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். பரம்பரையாக நாற்காலியில் உட்கார்ந்தவன் விதியை வளைப்பான், அதிலிருக்கும் சந்துபொந்தெல்லாம் அவனுக்குத் தெரியும். முதல் தலைமுறையில் ஏறி உட்கார்ந்தவனுக்கு எப்போதும் ஒரு பயம், எங்கே கையைப் பிடித்து எழுப்பிவிடுவார்களோ என்று. அதனால் விதி கேட்பதைப்போல இரண்டு மடங்கு சுத்தமாக இருப்பான். அந்தச் சுத்தம்தான் ஆபிரகாமைக் கவிழ்த்தது. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, காலனிக்குள் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். மனைவி பாப்பா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கழுவிய மீனை மறுபடி மறுபடி கழுவினாள். 

அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. மேலவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். பேச்சு அவ்வளவுதான், முடிந்தது. பேரவைக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். போவதற்கு அவர்களுக்கு வேலை இருந்தது. ஆபிரகாம் சங்கத்துக்கு ஓடினார். ராஜேந்திரன் நல்ல மனுஷர், மேலே எழுதிப் பார்த்தார், கீழே எழுதிப் பார்த்தார். ஒருமுறை ஏற்றுக்கொண்ட ராஜினாமா ஏற்றுக்கொண்டதுதான் என்று பதில் வந்தது. நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து நின்று, "அண்ணே, டீ சாப்புடறீங்களா?" என்று கேட்டான். 

அதற்குப் பிறகு என்னவெல்லாமோ பார்த்தார். இறால் பண்ணையில் கணக்கு, கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை, கடைசியில் இந்தக் கேட். பாப்பா அணுபுரம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள், இன்னும் போகிறாள். மகள் சிநேகாவுக்கு அப்போது ஒன்பது வயது. இங்கிலீஷ் மீடியம் பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளியில் போட்டார்கள். அங்கே பிள்ளைகள் 'எம்.எல்.சி. பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பெரியவர்கள்தான். சிநேகா அழுதுகொண்டு வந்ததில்லை. அப்பாவிடம் பேசுவதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். 'சாப்டியா', 'லைட்ட நிறுத்து', 'பஸ்ஸு வந்துச்சு' என்பதோடு நின்றுவிட்டது. தட்டுத்தடுமாறிச் செங்கல்பட்டுக்குப் போய் பி.காம். முடித்தாள். இப்போது புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பதினேழு வயதில் ஒரே ஒரு முறை, சண்டையுமில்லை சத்தமுமில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "உன்ன யாருப்பா ரிசைன் பண்ணச் சொன்னது?" யாரும் சொல்லவில்லை. அதுதான் அவரால் சொல்ல முடியாத பதில்.

சபை மட்டும் ஒருநாள் வந்துவிட்டால்! வந்து, அதில் ஒரு தடவை நின்று, தோற்றாலும் பரவாயில்லை, நின்றுவிட்டால் போதும். அந்த ராஜினாமாவுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடும். மகள் முகத்தை நேராகப் பார்க்கலாம். ஆபிரகாமுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை இவ்வளவுதான். ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் மேலவை வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பும், தேர்தல் முடிந்ததும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் இவர் கேட்டில் நின்றபடி செய்தித்தாளை மடித்து மடித்துப் படிப்பார்.

இந்த முறையும் பேச்சு கிளம்பியது. ஒரு வெள்ளிக்கிழமை வேதாந்தம் சாரிடமிருந்தே போன் வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அதே குரல்.

"ஆபிரகாம், சௌக்கியமா? பேரவையை மறுபடி கூட்டறோம். ஞாயித்துக்கிழமை மாமல்லபுரத்துல. நீங்க இல்லாம நடக்காது, கட்டாயம் வந்துடணும்."

நீங்க இல்லாம நடக்காது! ஆபிரகாம் போனைக் காதிலிருந்து எடுக்காமல், பேச்சு முடிந்த பிறகும் சும்மா நின்றிருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினான்.

வீட்டுக்கு வந்து சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். சிநேகாவே ஆரம்பித்தாள். கையில் போன்.

"மேலவ வருதாமே? இதுல போட்டுக்கீறான்."

"ம். வேதாந்தம் சாரு கூப்ட்டாரு. கூட்டம் கீதாம். நான் இல்லாம நடக்காதுன்னாரு."

அடுப்படியிலிருந்து பாப்பா, "அய்யோ சாமி, மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்றாள். "இருக்கற வேலையயும் எழுதிக் குடுத்துட்டு வந்துடாதய்யா. உனக்குக் கோயில் கட்டிக் கும்புடறேன்."

சிநேகா சிரித்தாள். அம்மா பேச்சுக்குத்தான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். "பட்டதாரிங்கதானே ஓட்டுப் போடணும்? அப்போ எனக்கு ஓட்டு உண்டா?"

"டிகிரி முடிச்சி மூணு வருசம் ஆவணும். உனக்கு ஆயிடுச்சி."

"அப்போ என் ஓட்டு உனக்குத்தான், போ" என்றாள். சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப்போய் அவளே இஸ்திரி போட்டாள். ஆபிரகாம் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண் கலங்கியதை யாரும் பார்க்க வேண்டாமென்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினார். மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் சின்ன ஹால். குளிர்சாதனம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே பழைய முகங்கள் சில, புதிய முகங்கள் பல. வேதாந்தம் சார் தடியூன்றி எழுந்து வந்து ஆபிரகாமின் கையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். ஆபிரகாமுக்குக் கொஞ்சம் வியர்த்தது. பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார்.

வேதாந்தம் சார் பேசினார். அந்தக் காலத்து நாடாளுமன்றம், மேலவையின் மாண்பு, அவசரக்கார சபைக்கு நிதானமான ஒரு சபை கடிவாளம் போடுவது. எல்லாம் ஆபிரகாமுக்குத் தெரிந்த பேச்சுதான். தெரிந்த ஜெபத்தைக் கூடவே முணுமுணுப்பதுபோல உதடு அசைந்தது. முடிவில் சார் சொன்னார்: "இந்தத் தடவை நாம முன்கூட்டியே தயாரா இருக்கணும். வேட்பாளரைக்கூடப் பேரவை முடிவு பண்ணியாச்சு."

ஆபிரகாம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அத்வைத், எழுந்திருப்பா."

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து கைகூப்பினான். சாரின் மகள்வயிற்றுப் பேரன். சென்னையில் வக்கீல். போட்டியிடத் தேவையான முப்பது வயது போன வருஷம்தான் முடிந்ததாம். கைதட்டல். ஆபிரகாமும் தட்டினார். கை பாட்டுக்குத் தட்டியது. உள்ளே என்னவோ ஒன்று படியிலிருந்து தவறி விழுந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் வேதாந்தம் சார் பெருமையாக. "அத்வைத் சம்பளமே வாங்கப்போறதில்லை. படி, சலுகை எதுவும் வேண்டாம்னுட்டான். சேவைக்குன்னே வர்றான்."

இன்னும் பெரிய கைதட்டல். அப்போதுதான் ஆபிரகாம் எழுந்தார். எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"சார், ஒரு வார்த்த. சம்பளம் வேணான்றது பெருமையில்ல சார். நீங்க குடுத்த பொஸ்தகத்துலயே கீது. சம்பளம் இல்லன்னா வசதி இருக்கறவன்தான் வருவான். கூலிக்காரன் வர முடியாது. அதுக்குத்தான் அன்னிக்கு அவ்ளோ சண்ட போட்டாங்க."

 ஆபிரகாம் சொல்லவந்தது அதில்லை. 'நான்தானே சார் நிக்கணும்? நீங்கதானே தோள்ல கை வெச்சிச் சொன்னீங்க?' என்பதுதான். ஆனால் வாயில் விவாதம்தான் வந்தது. தனக்கென்று கேட்கும் பழக்கம் அந்த வாய்க்கு இல்லை.

அத்வைத் முதல் ஆளாகக் கைதட்டினான். "அருமையான பாயிண்ட் அங்கிள்! தாத்தா, இதை என் முதல் பேச்சுல சேர்த்துக்கலாம். கூலித் தொழிலாளியும் சபைக்கு வரணும்னா சம்பளம் வேணும். சூப்பர்." போனை எடுத்து அங்கேயே குறித்துக்கொண்டான். தங்கமான பையன். கிண்டலே இல்லை, உண்மையாகவே பிடித்துப்போய்த்தான் எடுத்துக்கொண்டான். எல்லோரும் ஆபிரகாமைப் பார்த்துத் தட்டினார்கள். காலம் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த ஒரே பேச்சு அது. அதுவும் கைமாறிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வேதாந்தம் சார் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

"உங்க பக்கத்துல இப்ப நெறைய பட்டதாரிகள் இருக்கா இல்லையா? காலனிக்குள்ள எங்களால போய்ப் பேச முடியாது. நீங்க சொன்னா கேப்பா. அதுக்குத்தான் நீங்க இல்லாம நடக்காதுன்னேன்."

"சார், ரெண்டாயிரத்துப் பத்துல..." என்று ஆபிரகாம் ஆரம்பித்தார்.

"ஆமாம் ஆமாம், அப்போ எவ்வளவு உழைச்சேள்! மறக்க முடியுமா?" என்றார் சார். அவர் உண்மையிலேயே மறந்திருந்தார். நடந்ததை மறைக்கிறவனிடம் சண்டை போடலாம், மறந்துவிட்டவரிடம் என்ன செய்வது? யாரோ ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து ஆபிரகாமின் கையில் கொடுத்தார்கள். பேரவையில் பெயர் சேர்க்கும் தாள்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அத்வைத் கைகூப்பிக்கொண்டிருந்தான். 'வேண்டாம்' என்று பையைத் திருப்பிக் கொடுக்க ஒரு கணம்தான் இருந்தது. அந்தக் கணத்தில் ஆபிரகாம், "சரிங்க சார்" என்றார். பெரிய மனிதர் கையில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை.

பஸ்ஸில் நிற்க இடமிருந்தது, உட்கார இடமில்லை. சவுக்குத் தோப்புகளும் பண்ணை வீட்டு மதில்களும் ஓடின. இல்லாத சபை. வருமா வராதா என்று ஒரு சாமிக்கும் தெரியாது. அந்த இல்லாத சபையில்கூட அவரை எழுப்பிவிட்டு வேறொருவன் உட்கார்ந்தாயிற்று. அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலாம்.

காலனி முனையில் இறங்கியபோது சாயங்காலம். வழியில் இரண்டு பையன்கள் எழுந்து, "வணக்கம் அண்ணாத்த" என்றார்கள். கேலி இல்லை. ஆபிரகாமுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் சிநேகா நின்றிருந்தாள். முகத்தில் வெளிச்சம். அந்த முகத்தை அவர் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று.

"அப்பா, நான் எல்லார் வூட்லயும் சொல்லிட்டேன்! ஆல்வின் அண்ணன், ஜெபா அக்கா, கண்ணகி, டிகிரி முடிச்ச ஒருத்தரு பாக்கியில்ல. நம்ம காலனிக்காரன் ஒருத்தன் அங்க போவணும்னு எல்லாருக்கும் ஆசதாம்பா. இத்தினி நாளா யாரும் வெளிய சொல்லல, அவ்ளோதான். ஜெரோம் அண்ணன் மோட்டார்பைக் தரேன்னுது, ஊரூராப் போவறதுக்கு." மூச்சு விடாமல் பேசினாள். அப்புறம் பையையும் அதில் எட்டிப்பார்த்த தாள்களையும் பார்த்துவிட்டாள். "பாரமா? குடு, நானே கொண்டு போயி எழுதி வாங்கியாறேன்."

ஆபிரகாம் பையை விடவில்லை. "நாளிக்குப் பாக்கலாம்" என்றார்.

"இன்னா நாளிக்கு? குடுப்பா."

விளையாட்டாக இழுத்து ஒரு தாளை உருவினாள். அத்வைத்தின் படத்தைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். மறுபடி முன்பக்கம்.

"யாருப்பா இது?"

"சாரோட பேரன். வக்கீலுக்குப் படிச்ச புள்ள. நல்ல புள்ள. சம்பளமே வேணாங்குது" என்றார் ஆபிரகாம். தன் வாயா அதைச் சொல்கிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அப்போ நீ?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். பாப்பா வந்து மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, படம் போதுமாயிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தார். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

"நீ ஏம்பா ஒத்துக்கினே?" என்று சிநேகா கேட்டாள்.

"பையக் கையில குடுத்துட்டாங்கம்மா."

வேறு காரணம் எதுவும் அவரிடம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பார். சிநேகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்பட வேண்டிய முகம் கோபப்படவில்லை. அப்படியே தளர்ந்துபோனது.

வெளியே மோட்டார்பைக் வந்து நின்றது. ஜெரோம்தான். கம்பெனியில் ஃபிட்டர், காலனியில் எல்லாருக்கும் முன்னால் நின்று காரியம் பார்க்கிறவன். இறங்காமலே சத்தம் போட்டான்.

"அண்ணாத்த! எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு! இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். ஒரு கை பாத்துடலாம் வா!"

ஆபிரகாம் எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்த வாசலுக்குப் போய், அந்த முகத்தைப் பார்த்து, என்னவென்று சொல்வது? பாப்பா அவரைப் பார்த்தாள், அவர் மகளைப் பார்த்தார். சிநேகா கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சுடிதாருக்குள் செருகிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, எங்க அப்பா நிக்கலண்ணே."

"இன்னா சொல்றே? காலையில நீதானே சொன்னே?"

"நாந்தான் தப்பா சொல்லிட்டேன்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு வேல கீதுல்லண்ணே. வேலைய வுட்டுட்டு எப்பிடி நிப்பாரு?"

ஜெரோம் ஒரு கணம் யோசித்தான். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.